சீலா கேட்காத கப்பல்

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நான்காந் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்குச் செல்வி சீலா இக்னேசியஸை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். இடம், திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த வீதியில் இருந்த ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் கப்பற்கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, இறைச்சி, மரக்கறி, கயிறு, சவர்க்காரம் என்று வேண்டியதையெல்லாம் வழங்கும் கடையையே நாங்கள் கப்பற்கடை என்போம். அப்பொழுது அத்தகைய கடைகள் மூன்று இருந்தன. ஹாஜியாரின் கடை ஒன்று. நான் கிளாக்கராக இருந்த சின்னராசா முதலாளியின் கடை இன்னொன்று. மூன்றாவது கடையின் சார்பிலே கடலில் இறங்கியவர் டொமினிக். தொழிலில் மூவரும் எதிரிகள். ஆயினும் ஒருவரிடம் இல்லாத பொருளை மற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதில் எங்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. அன்று நான் சென்றதும் ஒரு துண்டுக் கயிறு கேட்பதற்கே.

தொலைபேசி வைத்த மேசைக்குப் பின்னாலிருந்து நீலக் கவுன் அணிந்த இளம்பெண் ஒருவர் எழுந்தார்.

"காலை வணக்கம், சேர். இருங்கோ. முதலிலை உங்கட தேவையை விளங்கிக்கொள்ள விரும்புறன்."

"கயிறு," என்றேன்.

"கயிறு உங்கட உடனடித் தேவை. அதுக்குப் பின்னாலை இருக்கிற தேவை என்ன?"

"கோழிக்கூடை பிள்ளை. கட்டாட்டிக் கோழி பறந்திடும்."

உள்ளறையில் ஹாஜியார் சிரித்த சிரிப்பில் அவருடைய கதிரை கிறீச்சிட்டது. "மகள், அவர் வாடிக்கைக்காரர் இல்ல. எங்கட எதிரி. சின்னராசாட கிளாக்கர் ஹெக்டர். அவருக்குக் கயித்தக் குடுங்க, கதையக் குடுக்காதீங்க."

சீலாவின் முகம் சிவந்தது. ஆனாலும் அடுத்த கேள்வியை அவர் விழுங்கிவிடவில்லை. "எதிரிக்கும் கயிறு குடுப்பமோ, ஹாஜியார்?"

"குடுப்பம். கடல்லதான் எதிரி. கரையில அவரும் மனிசன்தானே!"

சீலா பாலையூற்றைச் சேர்ந்தவர். தந்தையார் இக்னேசியஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். சீலா பல்கலைக்கழகத்தில் வணிகம் பயின்றுகொண்டிருந்தார். மூன்றாம் ஆண்டு. விடுமுறைக் காலத்தில் ஒரு வணிக நிலையத்திலே பயிற்சி பெற வேண்டுமென்பது அவருடைய துறையின் விதி. சிறப்புப் பட்டத்துக்குச் செல்ல விரும்புவோருக்கு மேலும் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு வணிகப் பேச்சையாவது முதற்சொல்லிலிருந்து முடிவுவரை மாணவர் தாமே நடத்த வேண்டும். அதை முதலாளி உறுதிப்படுத்த வேண்டும். பின்னர் விரிவுரையாளர்கள் முன்னே நின்று அதனை விளக்கி, அவர்கள் தொடுக்கும் வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சாதாரணப் பட்டத்தோடு வெளியேற வேண்டியதுதான்.

உடன் பயின்றவர்கள் புடைவைக் கடைகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தெரிவு செய்ய, சீலா மட்டும் துறைமுகத்துக்கு வந்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அப்பா காலம் முழுக்கக் கப்பலிலையிருந்து சாமான் இறக்கினவர். நான் ஒருக்காலாவது ஏத்திப் பாக்க வேணும், ஹெக்டர் அண்ணை," என்றார்.

ஆனால் ஹாஜியார் அவரைத் தொலைபேசிக்கு அருகிலேயே இருத்திவிட்டார். கப்பலுக்குச் செல்பவர் அலியார் என்னும் அவருடைய கிளாக்கர். பெண்பிள்ளை, இயந்திரப் படகாகிய லோஞ்சில் ஏறிக் கப்பலுக்குப் போவதென்ற பேச்சையே ஹாஜியார் எடுக்க விடவில்லை. தொலைபேசியில் வருவதெல்லாம் "கப்பல் வந்திட்டுதோ?", "ஐஸ் எப்ப வேணும்?" என்பன போன்றவை. அவற்றை வணிகப் பேச்சென்று எந்த விரிவுரையாளர் ஒப்புக்கொள்வார்?

முதல் வாரம் சீலாவுக்கு அடிமேல் அடி விழுந்தது. பாடநூலிற் கண்ட வாக்கியங்களை அவர் அப்படியே வாயில் எடுத்தார். திரியாயிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவந்த ஒருவரிடம், "ஐயா, உங்கட நீண்டகால எதிர்பார்ப்பு என்ன?" என்று கேட்டிருக்கிறார். அம்மனிதர் சாக்கைத் தோளிலிருந்து இறக்காமலே, "நீண்டகாலம் வைச்சிருந்தாக் கத்தரிக்காய் அழுகிப்போம், தங்கச்சி," என்றாராம்.

அந்தக் கதை துறைமுகம் முழுவதும் பரவியது. அதைக் கேட்டுச் சிரித்தவர்களுள் சீலாவும் ஒருவர். அடுத்த முறை அதே மனிதர் வந்தபோது, நூலின் சொற்களை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டார். "ஐயா, இது எப்ப பிடுங்கினது? எங்களுக்குத் தந்து மிஞ்சினதை ஆருக்குக் குடுக்கிறனீங்கள்?" மிஞ்சியது மாட்டுக்குப் போகிறது என்று அவர் சொன்னார். அன்று முதல் அந்த மிச்சமும் ஹாஜியாரின் கடைக்கு வந்தது. எங்கள் கடைக்குக் கத்தரிக்காய்த் தட்டுப்பாடு வந்தது அப்பொழுதுதான்.

அதன்பின் அவர் பயின்ற வேகத்தைக் கண்டு எனக்கே உள்ளம் துள்ளியது. தொலைபேசியை வைத்தவுடன் எழுந்து நின்று, தாம் பேசியதையும் மறுபக்கத்தார் பேசியதையும் உரத்த குரலில் மீண்டும் சொல்லிப் பார்ப்பார். தாம் எங்கே தடுமாறினார், மறுபக்கத்தார் எதைச் சொல்லாமல் விட்டார் என்று தேடுவார். இந்தப் பயிற்சிக்குத் துணை நின்றவர் ஹாஜியாரின் தங்கை றுக்கியா. கடையின் பின்புறத்தில் இறைச்சியும் மீனும் பொதிசெய்வதை மேற்பார்வை செய்பவர். எவரிடமும் வாய் திறந்து பேச அஞ்சாதவர். கையிற் கத்தியோடு கதவருகே வந்து நின்று, "நான்தான் கப்பித்தான். சொல்லு புள்ள, உன்ட கோழிய நான் ஏன் வாங்கணும்?" என்பார்.

"எங்கட கோழி தரமானது, கப்பித்தான்."

"எல்லாரும் அதத்தான் சொல்றான். கடலுக்க வீசிருவன் உன்னைய. திரும்பச் சொல்லு!"

சீலா திரும்பச் சொல்வார். கப்பித்தான் திரும்பவும் வீசுவார். நான்காம் வாரமளவில் கப்பித்தான் கோழி வாங்கத் தொடங்கினார்.

இவ்விடத்தில் எங்கள் துறைமுக வழக்கங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

கப்பல் வந்து நங்கூரமிட்டதும் அதன் கொடிமரத்தில் மஞ்சட்கொடி பறக்கும். சுகாதார அதிகாரி அனுமதி அளித்தபின் அக்கொடி இறங்கும். அது இறங்கும்வரை எங்கள் லோஞ்சுகள் தொலைவில் வரிசையாகக் காத்து நிற்கும். இறங்கியதும் பாய்ச்சல்தான்! முதலில் மேற்றளத்தில் ஏறுபவருக்கே முதற்பேச்சு. அந்தப் பாய்ச்சலிடையே ஒருவருடைய லோஞ்சு பழுதுபட்டு, இன்னொருவர் நின்று உதவினால், உதவி பெற்றவர் அன்று கடைசியாகவே ஏணியில் ஏற வேண்டும். அத்துடன் உதவியவருக்கு ஒரு கப்பல் கடன்பட்டவராவார். அந்தக் கடன் கடைக்குரியதன்று, ஆளுக்குரியது. உதவியவர் பின்னொரு நாள் தம் லோஞ்சிலிருந்து துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால், கடன்பட்டவர் எத்துணை முந்திச் சென்றாலும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இது எங்கும் எழுதப்பட்டதன்று. மறுத்தவரும் இல்லை.

மற்றைய வழக்கத்தை ஹாஜியார் அடிக்கடி சொல்வார். "கப்பலுக்குப் போறவன் ரெண்டு சாமானக் கரையில வெச்சிட்டுப் போகணும். ஒண்டு வெக்கம். மத்தது 'ஏலாது' எண்ட சொல்லு." மூன்று கடைகளும் அப்படியே செய்தோம். கப்பலார் அப்பிள் கேட்டால் ஓம் என்போம். மறுநாள் மாம்பழத்தோடும் மன்னிப்போடும் போவோம்.

செப்டெம்பர் மாதம் பிறந்தது. சீலாவின் பயிற்சி முடியும் தறுவாய். அதற்குள் வரவிருந்தது ஒரேயொரு கப்பல், கோதுமை ஏற்றிவந்த கிரேக்கக்கொடிக் கப்பல். அது வருவதற்கு முதல்நாள் அலியாருக்குக் கூகைக்கட்டு வந்தது. கன்னங்கள் இரண்டும் வீங்கி, வாய் திறக்க முடியாதவராகக் கடைக்கு வந்து சைகை காட்டினாராம். அதன்பின் நடந்த உரையாடலை ஹாஜியார் எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"ஹாஜியார், நான் போறன்."

"எங்க?"

"கப்பலுக்கு."

"ஏலாது, மகள்."

"அந்தச் சொல்லைக் கரையிலை வைக்கச் சொன்னது நீங்கள்தானே?"

"நான் கரையிலதானே நிக்கிறன்!"

அப்பொழுது றுக்கியா கத்தியைக் கழுவி வைத்துவிட்டு முன்னே வந்து தமையனாரை அழைத்தார். "காக்கா, புள்ளைக்கு இது கடைசிக் கப்பல். இது போனாச் சிறப்புப் பட்டமும் போயிரும். நான் கூடப் போறன்."

"நீயா? தண்ணியக் கண்டாலே வாந்தி எடுக்கிற நீயா?"

"எடுத்தாலும் கடலுக்குள்ளதானே எடுப்பன்? உங்கட கடைக்குள்ள எடுக்கலியே!" பின்னர் சீலாவைப் பார்த்து, "கவுனோட கயித்தேணியில ஏற ஏலா. என்ட மகன்ட நீளக் காற்சட்டை இருக்கு. இடுப்பில நாடா போட்டுத் தாறன்," என்றார்.

ஹாஜியார் கொடுத்தது அரைச் சம்மதம். றுக்கியா அதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

செப்டெம்பர் பத்தாந் திகதி, புதன்கிழமை. கச்சான் காற்று காலையிலேயே அனலாக வீசியது. எங்கள் மூன்று லோஞ்சுகளும் வரிசையில் நின்றன. காற்சட்டை அணிந்த சீலா லோஞ்சின் முன்னணியத்தில் நிமிர்ந்து நின்றார். அவருக்குப் பின்னே கறுப்புக் குடை விரித்து, கண்களை இறுக மூடியபடி றுக்கியா.

டொமினிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஹெக்டர் அண்ணை! இண்டைக்குக் கப்பலோ, கலியாண வீடோ? பொம்பிளையும் தோழியும் குடை பிடிச்சுக்கொண்டெல்லே வந்திருக்கினம்!"

றுக்கியா கண் திறக்காமலே பதிலளித்தார். "கலியாண வீடுதான் தம்பி. சாப்பாடு எங்கட. நீ பந்தியில குந்து!"

எங்கள் கூடைகளில் இருந்தவற்றைக் கூறுகிறேன். கப்பலின் கொடியைப் பார்த்துக் கூடை நிரப்புவதே எங்கள் முறை. கிரேக்கக்கொடி என்றபடியால் டொமினிக்கும் நானும் பதப்படுத்திய பன்றியிறைச்சியும் ஒரு போத்தல் சாராயமும் மாதிரிக்கு எடுத்து வந்திருந்தோம். சீலாவின் கூடையில் இருந்தவையோ உறைப்பான பச்சைக் கொச்சிக்காய், தேசிக்காய், கொத்தமல்லித் தழை. "கிரேக்கனுக்குக் கொச்சிக்காயோ?" என்று டொமினிக் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சீலா மஞ்சட்கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொடி இறங்கியது!

சீலாவின் லோஞ்சு முதலிற் பாய்ந்தது. நான் அதன் பக்கத்தில். டொமினிக் பின்னால். பாதித் தூரத்தில் என் இயந்திரம் ஒருமுறை இருமி நின்றது. மிதந்துவந்த பழைய வலையொன்று விசிறியிலே சுற்றிக்கொண்டுவிட்டது. காற்றோ எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்தப் பக்கத்தில் நீருக்குமேல் தலை நீட்டி நின்றன பாறைகள். என் ஓட்டி துடுப்பால் ஊன்றப் பார்த்தார், நிலம் எட்டவில்லை. நான் தலைத்துணியை அவிழ்த்து வீசினேன். டொமினிக் என்னைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், "ஹாஜியாற்றை லோஞ்சைக் கூப்பிடுங்கோ அண்ணை!" என்று கத்திக்கொண்டே போனார்.

சீலாவின் லோஞ்சு கப்பலை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏணி தெளிவாகத் தெரியும் தூரம். அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய பட்டம் முன்னால் இருந்தது, நான் பின்னால் இருந்தேன். அவர் கையை வட்டமாகச் சுழற்றினார், லோஞ்சு நுரை கக்கித் திரும்பியது.

"புள்ள! என்ன செய்றாய்? கப்பல் அங்கயெல்லே!" என்று றுக்கியா அலறினார்.

"கண்டனான், ராத்தா. அது நங்கூரம் போட்டிருக்கு, ஓடாது. இவர் ஓடிக்கொண்டிருக்கிறார்!"

கயிறு பறந்து வந்து என் மடியில் விழுந்தது. அதைப் பிடித்துக் கட்டும்போது பார்த்தேன். ஒரு மாதத்துக்கு முன்னர் எனக்குத் துண்டு கொடுத்த அதே சுருளின் கயிறு.

பாறையிலிருந்து எங்களை இழுத்தெடுத்துக் கப்பலடிக்கு வந்தபோது டொமினிக் ஏறிச் சிறிது நேரமாகிவிட்டது. சீலா காற்சட்டையின் நாடாவை ஒருமுறை இறுக்கி, கயிற்றேணியைப் பற்றினார். "கீழ பாக்காத புள்ள, மேல பாரு!" என்றார் றுக்கியா. ஏறும்போது ஒரு படியில் அவருடைய கால் வழுக்கியது. லோஞ்சுகளில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் ஐயோ என்றோம். அடுத்த கணம் அவர் மேற்றளத்தில் நின்றார். வழக்கப்படி நான் கடைசியாக ஏறினேன்.

மேலே டொமினிக் வியர்த்துக்கொண்டிருந்தார். பன்றியிறைச்சிக் கூடை மூடியபடி அவர் காலடியில் ஒதுங்கிக் கிடந்தது. கொடி கிரேக்கக்கொடிதான். கப்பலின் உணவுப் பொறுப்பாளரோ சிட்டகொங்கைச் சேர்ந்த முஸ்லிம். மாலுமிகளிற் பெரும்பாலோரும் அவருடைய ஊரவர்கள். கப்பல் எப்பொழுது வரும் என்றே நாங்கள் எல்லாரும் கப்பல் முகவர் அலுவலகத்தைத் தொலைபேசியிற் கேட்டிருந்தோம். சீலா ஒருவர்தாம், "அதிலை சமைக்கிறது ஆர்?" என்று கேட்டவர்.

இருந்தும் டொமினிக் விட்டுக்கொடுக்கவில்லை. முதற்பேச்சு அவருடையது. ஹலால் இறைச்சியா, ஓம். பச்சைக் கொச்சிக்காயா, ஓம். நாளைக் காலையில் முழுக் கப்பலுக்கும் புதுப் பசுப்பாலா, அதற்கும் ஓம். பொறுப்பாளர் சலிப்போடு சீலாவின் பக்கம் திரும்பி, அதே கேள்விகளை ஆங்கிலத்தில் அடுக்கினார். சீலா கூடையைத் திறந்து, கொத்தமல்லித் தழையை அவர் கையில் வைத்தார். அம்மனிதர் அதைக் கசக்கி முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"புதுப் பசுப்பால், நாளைக் காலை?"

ஓம் என்று சொல்லிவிடு பிள்ளை, என்று மனத்துக்குள் மன்றாடினேன், எதிரியின் கிளாக்கராகிய நான்!

"ஏலாது," என்னும் பொருள்படச் சீலா ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். "இந்த வெய்யிலில் அவ்வளவு பாலைத் திரியாமல் கொண்டுவர எங்களால் முடியாது. கொண்டுவருவோம் என்று சொன்னால், பால்மாவைக் கரைத்துத்தான் தருவோம்."

டொமினிக் பலமாகச் செருமினார்.

"பால் உங்களுக்கு எதற்கு? குடிக்கவா, சமைக்கவா?" என்று சீலா தொடர்ந்து கேட்டார்.

பொறுப்பாளர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "சமைக்க. தயிராக்க."

"அப்படியென்றால் பால் வேண்டாம். மூதூரில் எருமைத் தயிர் இருக்கிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. நாளைக் காலை தருகிறேன்."

அம்மனிதரின் முகம் மலர்ந்தது. ஒரு துறைமுகத்திலும் தமக்கு எவரும் மறுப்புச் சொன்னதில்லை என்றும், அதனால் எவருடைய 'ஓம்' என்ற சொல்லையும் தாம் நம்புவதில்லை என்றும் சிரித்தபடி கூறினார். இறைச்சியை யார் அறுப்பது என்று மட்டும் கேட்டார். சீலா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே குரல் கொடுத்தார். "ராத்தா! இறைச்சி ஆர் அறுக்கிறது எண்டு கேக்கிறார்!"

குடை மெல்ல விலகியது. அதன் கீழிருந்து வெளிறிய முகமொன்று மேலே பார்த்தது. பொறுப்பாளர் குனிந்து ஸலாம் கூறினார். குமட்டலையும் மீறி றுக்கியா முழுமையாகப் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, "எங்கட பள்ளிவாசல் லெப்பைதான் அறுக்கிற! சந்தேகமெண்டா வந்து பாத்துக்கச் சொல்லு! சீக்கிரம் முடி புள்ள, கடல் சுத்துது!" என்று கத்தினார். அதற்குமேல் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கப்பல் சீலாவுக்குக் கிடைத்தது.

கரையில் ஹாஜியார் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டே வந்தவர், பாலைப் பற்றிய இடம் வந்ததும் அரிசிமூட்டையொன்றில் அமர்ந்துவிட்டார். "கப்பல்ல நிண்டு ஏலாது எண்டு சொன்னீங்களா, மகள்?"

"ஓம், ஹாஜியார். சொன்னனான்."

அவர் தாடியைத் தடவினார். "அலியாருக்கு இதச் சொல்லிராதீங்க. நாளைக்கு எல்லாத்துக்கும் ஏலாது எண்டு சொல்லத் தொடங்கிருவான்."

நான் அவ்விடத்திலேயே சீலாவிடம், "பிள்ளை, உங்களுக்கு ஒரு கப்பல் கடன்பட்டிட்டன். எப்ப வேணுமெண்டாலும் துடுப்பைத் தூக்குங்கோ," என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மூதூர் லோஞ்சைப் பிடிக்க ஓடினார். தயிருக்குச் சொல்ல வேண்டுமல்லவா!

மறுநாள் காலை தயிர்ச்சட்டிகள் ஒன்றுகூட உடையாமல் ஏறின. இக்னேசியஸ் ஐயா துறைமுகத்தில் பாரந்தூக்கியை ஒரு கணம் நிறுத்திவிட்டு, அவை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

விரிவுரையாளர்கள் முன்னே நடந்ததைச் சீலாவே எனக்குச் சொன்னார். வெற்றி கைக்கெட்டிய வேளையில் எதிரியை இழுக்கத் திரும்பியது எந்த வணிகக் கோட்பாடு என்று ஒருவர் கேட்டாராம். "அவரைப் பாறையிலை விட்டிருந்தா எனக்கு ஒரு கப்பல் கிடைச்சிருக்கும், சேர். இப்ப ரெண்டு கிடைச்சிருக்கு. ஒண்டை இன்னும் எடுக்கேல்லை," என்றாராம் இவர். சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கப்பட்டோர் பட்டியலில் அவர் பெயரும் வந்தது.

பட்டம் முடித்ததும் நேரே ஹாஜியாரிடமே வந்தார், இம்முறை முகாமையாளராக. 1982ஆம் ஆண்டு சித்திரையில் பெரிய பயணிகள் கப்பலொன்று வந்தது. அதைப் போன்ற கொள்முதல் எங்கள் மூன்று கடைகளும் அதுவரை காணாதது. மஞ்சட்கொடி இறங்கியதும் நான் முந்தினேன். ஒரு லோஞ்சு நீளம் பின்னால் சீலா. இன்று கேட்பார் என்று எண்ணித் திரும்பிப் பார்த்தேன். என் ஓட்டியின் கை, நிறுத்துவதற்கு ஆயத்தமாக இயந்திரத்தின்மேல் இருந்தது.

"தூக்கு புள்ள! துடுப்பத் தூக்கு! இண்டைக்குத் தூக்காம எண்டைக்குத் தூக்கப்போறாய்?" குடையின் கீழிருந்து றுக்கியாவின் குரல்.

துடுப்பு சீலாவின் காலடியில் கிடந்தது. அவர் அதன்மேல் ஒரு காலை ஊன்றி, முடி காற்றில் பறக்க, வாய்விட்டுச் சிரித்தார். "ஓட்டுங்கோ ஹெக்டர் அண்ணை, ஓட்டுங்கோ! பிடிக்கிறன் பாருங்கோ!"

ஏணியில் நான் முதலாவது, அவர் என் குதிகாலை ஒட்டினாற்போல் அடுத்தவர். கொள்முதல் எங்களுக்குக் கிடைத்தது. கரைக்குத் திரும்பியதும், "இதைவிடப் பெரிய கப்பல் வராது பிள்ளை. ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

"கேட்டாத் தீர்ந்துபோம், அண்ணை. இருக்கட்டும்."

இதை எழுதும் இந்நாளிலும் நாங்கள் அதே வரிசையில்தான் காத்து நிற்கிறோம். கொடி இறங்கியதும் டொமினிக் கப்பலைப் பார்க்கிறார். நான் முதலில் சீலாவின் துடுப்பைப் பார்க்கிறேன். அது கிடந்தபடியே கிடக்கிறது.